வளைத்த இடத்தில் வெடித்த குழாய்

அக்கரப்பத்தனை,
புதன்கிழமை.

அன்பு மகள் வினோதாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஜப்பானில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அம்மாவுக்கு மழையோடு மூட்டுவலி வந்துவிட்டது, மற்றபடி சுகம். என் சுகத்தை மட்டும் கேட்காதே.

நம் பெக்டரியில் தேயிலை காயவைக்கிற ட்ரையர் அடுப்புக்குப் புதிதாக நிக்கல் கலந்த குழாய் வந்ததைச் சொன்னேன் அல்லவா. அது பழைய அடுப்புக்குள் பொருந்தவில்லை. முப்பது வருடமாக இரும்புக் குழாயைச் செய்வதுபோலவே பாரம் தூக்குகிற செயின் பிளாக் போட்டு, சூடு காட்டாமல் பச்சையாகவே இழுத்து வளைத்தேன். போனில் நீ படித்துப் படித்துச் சொன்னாய், வளைத்த இடத்தில் உள்ளே இறுக்கம் தங்கிவிடும், கொழும்புக்கு அனுப்பிச் சூளையில் வைத்து அதைத் தணிக்காவிட்டால் சூட்டில் மேலே படிகிற காப்புப் படலம் அங்கேதான் வெடிக்கும், அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து உலோகத்தை அரித்து விரிசலாக ஓடும் என்று. மாடியில் கொழுந்து மலைபோல் கிடந்தது, ஒரு வாரம் அடுப்பை நிறுத்தினால் எல்லாம் புளித்துவிடும் என்று பெக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா அவசரப்படுத்தினார். எல்லாம் தெரியும் என்கிற திமிரில் நானும் குழாயை அப்படியே அடுப்பில் பொருத்திவிட்டேன். நாலே மாதம். வளைத்த இடத்திலேயே பிளந்து அனல் பீறிட்டு, பக்கத்தில் தேயிலைத் தூள் கூட்டிக்கொண்டிருந்த வீரம்மாவின் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது.

அவள் அடுப்புக் கதவைத் திறந்ததால்தான் என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். அவள் திறந்தாளா என்று என்னைக் கேட்டபோது நான் கவனிக்கவில்லை என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். வேலை போனால் தோட்டம் கொடுத்த இந்த லயத்து வீடும் போகும் என்ற பயம், வேறென்ன. ஆஸ்பத்திரிக்குப் போனேன். "அண்ணே, நான் கதவத் தொடவே இல்லைங்க, நீங்களாவது சொல்லுங்க" என்றாள். போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மா தினமும் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய் ஊட்டுகிறாள், ஒன்றும் தெரியாமல். எனக்குச் சோறு இறங்கவில்லை. எதற்கு உயிரோடு இருக்கிறோம் என்று இருக்கிறது.

பிளந்த துண்டை வெட்டி இத்துடன் அனுப்புகிறேன். உலோகத்தைச் சோதிப்பதுதானே உன் வேலை. பார்த்து, உள்ளதை உள்ளபடி இங்கிலீஷில் எழுதிப் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைக்கே நேராக அனுப்பு. அங்கே குளிர் அதிகம், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே அம்மா, குழாயை வளைத்தது யார் என்று எழுதவேண்டிய இடத்தில் என் பெயரை முழுதாக எழுது. எனக்கு வாய் வரவில்லை.

உன் அப்பா,
வீ. பொன்னையா