கைக்குட்டை விரித்த சீட்

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். காதில் மேனேஜர், மடியில் தட்டு, எதிரே சாப்பாட்டு மேஜைமேல் லேப்டாப். கேமராவை அணைத்து வைத்திருந்தேன். முதல் காய் பிளந்ததும் அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. அதற்கப்புறம் மேனேஜர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. நம் ரயிலின் லேடீஸ் டப்பாவுக்கு, அந்தப் பெண்கள் பெட்டிக்கு, மனசால் போய்விட்டேன்.

பனிக்காலம் வந்தால் சாயங்கால ரயிலில் பாதிப் பெண்கள் பட்டாணிதான் உரிப்பார்கள். உதவுகிறேன் என்று நீயும் ஒரு கைப்பிடி வாங்குவாய். உரித்ததில் பாதி உன் வாய்க்குள் போகும். பட்டாணிக்குச் சொந்தக்காரியான மராத்திக்காரம்மா, தோலையெல்லாம் உன் பைக்குள் கொட்டிவிடுவேன் என்று மிரட்டுவார். நீ போய் இது இரண்டாவது பனிக்காலம்.

மீட்டிங் முடியும் தறுவாயில் மேனேஜர் என் பெயரைச் சொன்னதும்தான் திரும்பி வந்தேன். நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலையா, இல்லை ஆபீஸுக்குத் திரும்பி வருகிறீர்களா, திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். ஒருமுறை சொன்னால் அப்புறம் மாற்ற முடியாதாம். இன்று ஞாயிறு. வீடு மதியத் தூக்கத்தில் இருக்கிறது. உன்னோடு பேச எனக்கு வாய்த்த நேரம் இதுதான்.

டிகிரி வாங்கிய வருஷம் உனக்குப் பிடித்த பைத்தியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தாராவியில் நம் சந்தில் மற்ற பெண்கள் எல்லாரும் வேலை தேடினார்கள், இல்லை மாப்பிள்ளைக்குக் காத்திருந்தார்கள். நீ மட்டும் தினம் ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்ளப் போவதாகக் கிளம்பினாய். போகிற வழியில் என்னையும் இழுத்துக்கொண்டாய். முதலில் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் காலை ஓட்டம். எனக்குக் கால் சுளுக்கியதோடு அது முடிந்தது. பிறகு பிரெஞ்சு. பிரெஞ்சில் வெங்காயம் கேட்க நமக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. அப்புறம் கீபோர்டு. உங்கள் வாப்பாவின் பை தைக்கிற பட்டறையில், அத்தனை மெஷின் சத்தத்துக்கு நடுவே, நீ வாசித்தது உனக்கே கேட்கவில்லை. இதெல்லாம் எதற்கு என்று அலுத்துக்கொண்டபோது நீ சொன்னாய்: "காலேஜ்ல படிச்சதெல்லாம் அவங்க கேட்டது ட்டி. இனிமேதான் நமக்குப் படிக்கணும்."

இருவருக்கும் ஊரின் தென்கோடியில், கோட்டைப் பக்கம் வேலை கிடைத்தது. உங்கள் குடும்பம் தாணேக்குப் போனது. நான் கல்யாணமாகி டோம்பிவிலிக்கு வந்தேன். ஒருநாள் குர்லாவில் ரயில் நின்றிருந்தபோது நீ என் தோளைத் தட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டினாய். இந்தப் பிளாட்பாரத்தில் ஒரு பையன், தண்டவாளத்துக்கு அப்பால் அந்தப் பிளாட்பாரத்தில் ஒரு பெண். இருவருக்கும் காது கேளாது போலிருக்கிறது. கைகளாலேயே எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே அறிவிப்பு, ஹாரன், கூட்டத்தின் இரைச்சல். பக்கத்தில் நிற்கிற உன் பேச்சே எனக்குக் கேட்கவில்லை. அவர்களோ அவ்வளவு தூரத்தில் ஜோக் அடித்துக்கொண்டிருந்தார்கள். "இந்த ஊர்ல பேசுறதுக்கு இதுதாம்ட்டி சரியான பாஷை" என்று என் காதில் கத்தினாய்.

சைகை மொழியை இன்னொரு பைத்தியம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதில் நீ நின்றுவிட்டாய். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. மற்ற நாட்களில் ரயிலில் பயிற்சி. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் காது கேளாத நோயாளிக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற வேலைக்குப் போவேன் என்றாய். கணக்கு எழுதுகிற உத்தியோகத்தை விட்டுவிட்டா என்று கேட்டேன். விட்டுவிட்டுத்தான் என்றாய். உன் முகத்தில் அப்படியொரு நிச்சயத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எனக்கும் அது வேண்டும் என்று அன்றுதான் முதல்தடவையாக ஆசைப்பட்டேன். அதிலிருந்து உன் ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை ரயிலில் எனக்கும் சொல்லித்தந்தாய்.

தாணேயில் ஏறினால் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அதனால் நீ தெற்கே போக வேண்டியவள், விடிவதற்குள் எழுந்து, எதிர்த்திசையில் டோம்பிவிலிக்கு வருவாய். அங்கே முடிகிற ரயிலில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அதே ரயில் அதே சீட்டோடு திரும்பும். பிளாட்பாரத்தில் காத்து நிற்பவர்களுக்கு இப்படி வருகிறவர்களைக் கண்டால் ஆகாது. மராத்தியிலும் ஹிந்தியிலும் உன்னைத் திட்டிக்கொண்டே ஏறுவார்கள். நீ சிரித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாய், எதிர் சீட்டில் எனக்காகக் கைக்குட்டையை விரித்துவைத்து. தப்பான பக்கம் போவதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற ஒரே ஆள் நீதான் என்று கேலி செய்தேன். நின்றுகொண்டு வந்தால் ஒரு கை கம்பிக்குப் போய்விடும், உட்கார்ந்தால்தான் இரண்டு கையும் பேசக் கிடைக்கும் என்றாய்.

கூட்டத்தில் பிரிந்து நின்ற நாட்களிலும் அத்தனை தலைகளுக்கு மேலே எட்டிப் பேசிக்கொள்வோம். பாடத்தில் இல்லாத ஒன்றை நாமே செய்துகொண்டோம். ஒரு உள்ளங்கைமேல் இன்னொரு உள்ளங்கையை விரித்துவைத்தால், சீட் பிடித்தாயிற்று என்று அர்த்தம்.

பிறகு அந்த மழைக்காலம். டெங்கு என்றார்கள், இரண்டு பாட்டில் ஏற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். ஐசியூ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உங்கள் உம்மாவும் நானும் நின்றிருந்தோம். உன் வாயில் மாஸ்க், ஒரு கையில் ஊசி. நீ எங்களைப் பார்த்தாய். ஊசி குத்தின கையை மெல்லத் தூக்கி இன்னொரு கைமேல் விரித்தாய். அப்புறம் விரலால் என்னைக் காட்டினாய்.

"என்ன கேக்கா? தண்ணியா?" என்றார் உம்மா.

"நாளைக்கு ரயில்ல என்னைய சீட்டு பிடிக்கச் சொல்லுதா உம்மா."

உம்மா அழுதுகொண்டே சிரித்தார். உன்னோடு நான் கடைசியாகப் பேசியது அது.

நான் சீட் பிடிக்கவே இல்லை. அந்த மாதமே எங்கள் ஆபீஸில் ஒரு மாடியைக் காலி செய்து, எங்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர் எல்லாரும் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அழுகிறவளுக்கு வீட்டிலேயே இருக்கக் கிடைத்ததே என்று நானும் அப்போது நிம்மதிப்பட்டேன்.

இப்போது 'வீட்லதான இருக்கா' என்பது என் பெயர் மாதிரி ஆகிவிட்டது. கேஸ் சிலிண்டர் வருமா, வீட்லதான இருக்கா. மேல்மாடிப் பிள்ளைக்குக் கணக்குப் பாடமா, வீட்லதான இருக்கா. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவர, அதற்கும் நான்தான். கைகள் கீபோர்டில் இருக்கும், இல்லையென்றால் மாவில் இருக்கும். என் அத்தை, அதாவது என் மாமியார், தங்கமானவர். பதினோரு மணியானால் இஞ்சி டீ என் பக்கத்தில் வந்துவிடும். இவரும், என் வீட்டுக்காரர், குரலை உயர்த்திப் பேசியதில்லை. சண்டை போட இந்த வீட்டில் ஒரு கெட்டவர்கூட இல்லை, அதுதான் எனக்கு மூச்சை முட்டுகிறது.

தாழ்ப்பாள் போட முடிகிற ஒரே இடம் குளியலறை. ஒருநாள் அங்கே கண்ணாடி முன்னால் நின்று பழைய பாடத்தை ஆரம்பித்தேன். கதவு தட்டப்பட்டது. வயிறு சரியில்லையா என்று கேட்டார் அத்தை. வெளியே வந்தபோது ஓமத் தண்ணீர் தயாராக இருந்தது. குடித்தேன், வேறென்ன செய்ய? நீங்களும் வந்து சேரலாமே என்று உன் செம்பூர் வகுப்பிலிருந்து வந்த மெசேஜுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. என் விரல்கள் இப்போது திக்குகின்றன.

இன்று மதியம் சாப்பாட்டின்போது, நான் ஆபீஸுக்கே போகிறேன் என்றேன். இவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தார்.

"நான் தினம் தொங்கிட்டுப் போறது பத்தாதா? இங்க உனக்கு என்ன குறை?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரு குறையும் இல்லை. பதில் நெஞ்சில் முழுசாக இருந்தது, வாய்க்குத்தான் வரவில்லை. அப்போது என் கைகள் தாமாகவே எழுந்து பேச ஆரம்பித்துவிட்டன. நேரம் வேண்டும், இடம் வேண்டும், அவள் வேண்டும் என்று, உன்னையும் சேர்த்து, என்னென்னவோ சொல்லின. இருவரும் என்னையே பார்த்தார்கள்.

"என்னம்மா, கை மரத்துப்போச்சா?" என்றார் அத்தை. பதிலுக்கு நிற்காமல் எழுந்துபோய் தைலத்தை எடுத்துவந்து, என் இரண்டு கைகளையும் தன் மடிக்கு இழுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நாள் முழுக்கத் தட்டுகிறாள் பாவம் என்று மகனிடம் சொன்னார். இதமாக இருந்தது. அவர் பிடிக்குள் என் கைகள் அசையாமல் கிடந்தன. இப்படியே விட்டுவிட்டால் ஆயுசுக்கும் இங்கேயே கிடக்கும் என்று தோன்றியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"அத்தை, கைய விடுங்க."

சட்டென்று விட்டுவிட்டார். கைகளில் வலியில்லை, நான் படிக்கிற படிப்பு இது, ரயிலில் உட்கார்ந்தால்தான் எனக்கு இதைப் படிக்க முடியும் என்று முதல்தடவையாகச் சொன்னேன். ரயிலிலா என்று கேட்டார் இவர். அத்தை தைலப் பாட்டிலை நிதானமாக மூடினார். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் தைலக் கையோடேயே மேனேஜருக்கு, ஆபீஸ் என்று அனுப்பிவிட்டேன்.

இதை விடுதலை என்று சொன்னால் நீ சிரிப்பாய். இருட்டில் எழுந்து இரண்டு வேளைச் சமையலை முடிக்க வேண்டும். அத்தை முகம் கொடுக்காமலேயே எனக்கு டிபன் கட்டித் தருவார், அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கை காலை அசைக்க முடியாத ஒரு டப்பாவில் போய் அடைந்துகொள்வதற்கா இவ்வளவும் என்று எனக்கே படுகிறது.

இருந்தாலும் ஆபீஸுக்குப் போகிற ஒன்றாம் தேதி காலை, டோம்பிவிலியைத் தாண்டி ரயில் திரும்புகிற கல்யாண் வரை, எதிர்த்திசையில் போகப்போகிறேன். ஜன்னலோரம் எனக்கு, எதிர் சீட் உனக்கு. யார் திட்டினாலும் அதில் விரித்த கைக்குட்டையைத் தாணே வரும்வரை எடுக்கமாட்டேன். தாணேயில் ஏறி நிற்க இடமில்லாமல் தவிக்கிற யாருக்காவது அந்தச் சீட்டைக் கொடுத்துவிடுவேன். நாளைக்கு என்று நீ சொன்ன காரியம் இவ்வளவு தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே.

மிச்சத் தூரத்துக்கு என் கைகள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வரும். எதிரே இருப்பவளுக்கு ஒன்றும் புரியாது. யாரோடு பேசுகிறாய் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன்.