கடைக்குட்டியின் வீடு

மாய்ராங்
3 நவம்பர் 1987

என் செல்லக் கடைக்குட்டி இபாவுக்கு,

அம்மாவுக்கு இளைப்பு கூடிவிட்டது. ஷில்லாங்கிலிருந்து நீ அனுப்பிய மாத்திரைக்குக் கேட்கவில்லை. கஞ்சிகூட இரண்டு வாய்க்கு மேல் இறங்க மறுக்கிறது.

நேற்று மாமா குலத்துப் பெரியவர்களோடு வந்தார். வெற்றிலை பாக்கை வாயில் போட்ட கையோடு ஆரம்பித்தார். "நம்ம குலத்து வழக்கப்படி வீடு கடைசிப் பொண்ணுக்குன்னா வீட்டுப் பூசையும் அவளுக்குத்தான். நாளைக்கு என் தங்கச்சி எலும்பைச் சிதையிலேர்ந்து பொறுக்கி, குலத்துக் கல்லறையில சேர்க்க வேண்டியதும் அவதான். ஞானஸ்நானம் வாங்கினவ செய்வாளா? செய்றேன்னு வந்து சொல்லட்டும். இல்லேன்னா வாசப்படி மிதிக்கக் கூடாது. வீடு அக்காக்காரிக்குப் போகட்டும்."

சந்தையில் ஏற்கெனவே, "தங்கச்சியைச் சர்ச்சுக்குத் தள்ளிவிட்டு வீட்டைச் சுருட்டப் பார்க்குறா" என்று என்னைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு அந்த வீடு வேண்டாமடி. "செய்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன். உன் இயேசுவை மனசுக்குள் வைத்துக்கொள். உள்ளே புகுந்து யார் பார்க்கப் போகிறார்கள்?

பயத்தோடு காத்திருக்கும்
உன் அக்கா தெய்லின்

ஷில்லாங்
9 நவம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த ஒரு வார்த்தையைத் தனியாக இருந்து சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை.

என்னைத் தைரியசாலி என்று நினைக்காதே. எங்கள் சபை மூப்பர், "சேவல் அறுத்துப் பூசை பண்ற வீட்டுக்கா போகப் போறே? போனா திருவிருந்துல உனக்கு இடமில்ல" என்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஜெபிக்க முழங்கால் போட்டால் அம்மாவின் இளைப்புச் சத்தம்தான் கேட்கிறது. வேறு பதில் எதுவும் வரவில்லை. இது விசுவாசமா, வெறும் பிடிவாதமா என்றுகூடத் தெரியவில்லை அக்கா. ஆனால் காசநோய் வார்டில் யாரும் கிட்டே வராமல் கிடந்தபோது நான் பிடித்தது இயேசுவின் கையை. இப்போது பேசாமல் இருக்கிறார் என்பதற்காக உதற முடியவில்லை.

வீட்டை நீயே எடுத்துக்கொள். மூப்பர் என்ன சொன்னாலும் நான் வருகிறேன். அம்மாவின் முதுகைத் தடவிவிட மட்டும் என்னை விடச் சொல்லி மாமாவிடம் கேள்.

உன் இபா

மாய்ராங்
15 நவம்பர் 1987

இபாவுக்கு,

கேட்டேன். "சேவல் அறுக்க மாட்டாளாம், முதுகு மட்டும் தடவுவாளாம்! கெட்டிக்காரிதான்!" என்றார் மாமா.

"இபா எங்கே?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் பஸ் ஓடவில்லை என்று பொய் சொல்கிறேன். உன் விசுவாசத்துக்கு நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. இது உன் சாமிக்குச் சம்மதமா என்று கேட்டு எழுது.

தெய்லின்

மாய்ராங்
20 நவம்பர் 1987

என் தங்கமே இபா,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. நான் எழுதியது உன்னைச் சுட்டிருக்கும். எழுதிய எனக்கும் சுட்டது.

இன்று காலை அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "பயந்துக்கிட்டு சரின்னு சொல்லிடலையே அவ?" என்றாள்.

"இல்லம்மா."

"நல்லது. சொல்லியிருந்தா ரெண்டு சாமிக்கும் பொய் சொன்னவளா ஆயிருப்பா. பொய் சொன்ன கை என் எலும்பைத் தொட வேணாம். நீயே பொறுக்கு."

நான் அழுதுவிட்டேன். பிறகு மாமாவையும் பெரியவர்களையும் கூப்பிட்டு, வீட்டையும் பூசையையும் ஏற்றுக்கொண்டேன். சந்தைக்காரிகள் இனி ஆசைதீரப் பேசட்டும்.

மாமா கிளம்பும்போது, "இந்த வீட்டுக்கு இனிமே யாரு பொறுப்பு?" என்று கேட்டேன்.

"அதான் நீன்னு ஆயிடுச்சே."

"அப்ப யாரு உள்ள வரலாம்னு சொல்றதும் நான்தானே மாமா?"

அவர் பாக்கை மென்றபடி குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்காரி சொல்கிறேன், வா. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உனக்குப் பாய் போட்டுவிட்டேன். பதில் எழுதி நேரத்தைக் கழிக்காதே. அம்மாவின் ஒவ்வொரு மூச்சும் எனக்குப் பயமாக இருக்கிறது. மூப்பர் திட்டினால் வந்த பிறகு சேர்ந்து வருத்தப்படலாம். உன் வேதப் புத்தகத்தையும் எடுத்து வா. ஜெபம் செய்வதாக இருந்தால் முணுமுணுக்காதே, சத்தமாகவே செய். அம்மாவுக்கு இப்போது காது மந்தம்.

உன் அக்கா
தெய்லின்