ரீத்தா நிறுத்தி வைத்த வேலை

அப்பாவோட ரீத்தா கண்ணுக்கு,

உன் அறையில இருக்கற கம்ப்யூட்டர் புதன்கிழமையோட அமைதியாயிடுச்சும்மா. திரை எரியுது, ஆனா உள்ளே காத்தாடி இரையற சத்தம் இல்ல. நீ எங்களை விட்டுப் போன இந்த ஒன்றரை மாசமா அதை யாரையும் தொட விடல. வாசல்ல நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டா, நீ உள்ளே வேலையா இருக்கற மாதிரியே இருக்கும்.

நீ எனக்கு விளக்கினது ஞாபகம் இருக்கு. "நாம சும்மா வச்சிருக்கற நேரத்துல கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக்காரங்களுக்கு இரவல் தர்றோம்ப்பா. மழை, வெயில் எப்படி மாறும்னு பெரிய கணக்கு. அதைத் துண்டு துண்டா உலகம் பூரா அனுப்புவாங்க. நமக்கும் ஒரு துண்டு வரும்."

"நம்ம ஊரு ஸ்கூடாய்ல பெய்யற மழைக்குமா?"ன்னு கேட்டேன். எப்படிச் சிரிச்ச!

இப்போ திரையில அந்தத் துண்டு வேலைங்களோட பட்டியல் காலியா இருக்கு. முப்பது வருசம் சரக்குத் தூக்கற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டின கைக்கு, உன் மவுஸ் பிடிபடல. வைஃபையை அணைச்சு மறுபடி போட்டேன். கம்ப்யூட்டரையும் அணைச்சு மறுபடி போட்டேன். ஒண்ணும் வரல. எதைக் கெடுத்துட்டேனோன்னு பயந்து, உன்கூடப் படிச்ச கவிதாவைக் கூப்பிட்டேன்.

பாவம், இன்னிக்கு சிங்கப்பூர்ல அரை நாள் வேலை முடிஞ்சு, எல்லைப் பாலத்து ஜாம்ல நின்னு, சாப்பிடாம நேரா வந்துச்சு. ஒவ்வொண்ணா பார்த்துச்சு.

"எல்லாம் ஓகேதான் அங்கிள். ஆராய்ச்சிக்காரங்க பக்கம் வேலையும் இருக்கு. நம்ம கம்ப்யூட்டர்தான் புது வேலை கேக்க மாட்டேங்குது."

அப்புறம் கம்ப்யூட்டர்ல எப்போ என்ன நடந்துச்சுங்கற பழைய பதிவைத் திறந்து படிச்சுக்கிட்டே போச்சு. சட்டுனு நிறுத்திடுச்சு.

"என்னம்மா?"

"அவளேதான் அங்கிள். புது வேலை வேண்டாம்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அழுத்தியிருக்கா."

"எப்போ?"

தேதியைக் காட்டுச்சு. நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்குக் காலையில.

ஏற்கெனவே வாங்கியிருந்த ஒரு பெரிய வேலை மட்டும் இத்தனை நாளா ஓடி, புதன்கிழமை முடிஞ்சிருக்கு. "புது வேலை வாங்கிட்டு, தான் வராம அது பாதியில நின்னா, காத்திருக்கறவங்களுக்குத் தாமதமாகும்னு நினைச்சிருப்பா அங்கிள்"னு சொல்லிட்டு கவிதா அழுதுடுச்சு.

அன்னிக்குக் கார்ல, "அப்பா, ஒருவேளை..."ன்னு ஆரம்பிச்ச. "அதெல்லாம் பேசாத"ன்னு நான் ரேடியோவைச் சத்தமா வச்சேன். நீ என் கையைப் பிடிச்சு, "வியாழக்கிழமை வந்துருவேன்லா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க"ன்ன. நான் நம்பினேன்.

என்ன சொல்ல வந்த கண்ணு? ஒரு மிஷின்கிட்டச் சொல்ல முடிஞ்சதை என்கிட்டச் சொல்ல முடியலையே உனக்கு. முடியாம செஞ்சது நான்தானே?

கவிதா காட்டிக் குடுத்த பட்டனை நானே அழுத்தினேன். கொஞ்ச நேரத்துல ஒரு வேலை வந்துச்சு. காத்தாடி சுத்துச்சு. ஆனா இந்தத் தடவை அந்தச் சத்தத்துல நீ இல்லம்மா.

கவிதா போனதும் உங்கம்மா வந்து கட்டில் ஓரமா உக்காந்தா. "திரும்பி வராம போகலாம்னு அவளுக்குத் தெரியும். என்கிட்டச் சொன்னா. அப்பா தாங்க மாட்டாரு, சொல்லிடாதீங்கம்மான்னு சத்தியம் வாங்கிக்கிட்டா"ன்னா.

இத்தனை நாளா உங்கம்மா இதை ஒத்தையா சுமந்திருக்கா. "ரீத்தா கடைசியா..."ன்னு அவ வாயெடுக்கும்போதெல்லாம், நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு வெளியே போயிடுவேன்.

நாளைக்குச் சர்ச்சுல ஞாயித்துக்கிழமைப் பூசை முடிஞ்சு வந்ததும் அவ பக்கத்துல உக்காரப் போறேன். நீ சொன்னது எல்லாத்தையும், ஒரு வார்த்தை விடாம, சொல்லச் சொல்வேன். அழுதாலும் எழுந்து போக மாட்டேன். இது அப்பா உனக்குக் குடுக்கற வாக்கு.

நீ பேச வந்தப்போ கேக்காம போன,
உன் அப்பா