மருந்துச் சீசாவில் மண்

நவம்பர் 5, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. பின் டயர் மறுபடி பஞ்சர். உத்திரமேரூரிலிருந்து பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். முதல் பீரியடுக்குப் பத்து நிமிடம் தாமதம். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. (இனி த.ஆ. என்று எழுதினால் போதும். முழுதாக எழுத மை தண்டம்.)

ஒன்றிய அலுவலகத்திலிருந்து சைக்ளோஸ்டைல் சுற்றறிக்கை. "மண், நீர் வளப் பாதுகாப்பு: மாணவர்க்கும் பொதுமக்களுக்கும் கல்வி." மை அப்பி, பாதி எழுத்து தெரியவில்லை. பதினான்காம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, பள்ளியில் கண்காட்சி வைக்க வேண்டுமாம். அதிகாரி வருவார். ஏரி ஏன் தூர்ந்துபோகிறது, மண் அரிப்பை எப்படித் தடுப்பது என்று ஊருக்கு விளக்க வேண்டும்.

த.ஆ.: "நீங்கதான சயின்ஸு. வயசுப் புள்ள. பாத்துக்குங்க."

ஏரி ஏன் தூர்கிறது என்று இந்த ஊரில் தெரியாதவர் யார்? சொல்லாதவர்கள்தான் எல்லாரும்.

வாங்க வேண்டியவை: சோப்பு, பஞ்சர் பசை, வங்கித் தேர்வு விண்ணப்பத்துக்குப் போட்டோ. வாலாஜாபாத்துக்குப் பதில் கடிதம். அம்மா மூன்று கடிதம் போட்டுவிட்டாள்.

நவம்பர் 6, செவ்வாய்

எட்டாம் வகுப்பை ஏரிக்கு அழைத்துப் போனேன். இருபத்தாறு பேர். ஊர்ப் பிள்ளைகள் முன்னால், காலனிப் பிள்ளைகள் பின்னால். நான் வரிசை சொல்லவில்லை, அவர்களே அப்படி நிற்கிறார்கள். கலைத்து நிற்கச் சொன்னேன். கலைந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது பழையபடி.

மேட்டிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயைக் காட்டினேன். ஒரு காலத்தில் இரண்டு மாட்டு வண்டி ஒன்றாக இறங்கும் அகலமாம். இப்போது ஒரு பையன் தாண்டிக் குதித்தான். பஞ்சாயத்துத் தலைவர் வருஷத்துக்கு இரண்டு உழவுச் சால் கூடுதலாக ஓட்டி ஓட்டி, கால்வாய்க் கரை அவர் வயலாகிவிட்டது. மிச்சக் கரை செங்குத்தாக, புல் இல்லாமல், பொலபொலவென்று நிற்கிறது.

"இந்தக் கரைக்கு மழை வந்தா இன்னா ஆவும்?" என்று கேட்டேன். எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து எஸ்தர்: "உள்ள வுழும் சார்." ஊர்ப் பையன் ஒருவன் திரும்பி முறைத்தான். தலைவரின் அண்ணன் மகன்.

எஸ்தர் காலனிப் பெண். பேச்சு குறைவு, கணக்கு வேகம். அவள் வீட்டையும் சேர்த்து ஏழு குடும்பம், கால்வாய்க்கு மேலே புறம்போக்கு மேட்டில் பயிர் வைக்கிறார்கள். இப்போது கொள்ளு, சாண் உயரம். சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள், நாலு வரிசை. சுற்றறிக்கையில் இரண்டாம் பக்கத்தில் படம் போட்டிருப்பது அதேதான். அந்தப் படத்தை வரைந்தவன் இந்த மேட்டைப் பார்த்திருக்க மாட்டான்.

நவம்பர் 8, வியாழன்

மழை. நல்ல மழை. பாடம் நடத்தவில்லை.

யோசனை என்னுடையது: ஓடும் மழைத் தண்ணீரை நாலு இடத்தில் சீசாவில் பிடிப்பது. தெளிய விடுவது. அடியில் தங்கும் மண்ணை அளப்பது. எந்த இடம் ஏரியைத் தூர்க்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

1. பள்ளி மைதானம்
2. மந்தைவெளி
3. வரத்துக் கால்வாய், தலைவர் வயல் ஓரம்
4. காலனி மேடு

சீசாதான் கிடைக்கவில்லை. மூன்று சேர்ந்தது. நாலாவது எஸ்தர் ஓடிப் போய்க் கொண்டுவந்தாள். அவள் அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீசா. எட்டு வேளை அளவுக்குப் பல்பல்லாக வெட்டிய காகிதம் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

"பத்தரமா குடுத்துடணும் சார். சீசா எட்த்துக்கினு போவலன்னா கம்பவுண்டரு மருந்து ஊத்த மாட்டாரு. வெறுங்கையோட போனா வெறுங்கையோடதான் வரணும்."

கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் அவளுக்கே தோன்றியது: மற்ற மூன்றிலும் இதே போல ஒட்டினால் மண்ணை வேளைக் கணக்கில் அளக்கலாம். சோற்றுப் பசையில் ஒட்டினோம். பையன்கள் ஏரியில் மீன் பிடிப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள். முழுக்க நனைந்தேன். இந்த ஊருக்கு வந்து பதினோரு மாதத்தில் இன்றுதான் வாத்தியார் வேலை பார்த்ததாக நினைப்பு.

சளி பிடிக்கும்.

நவம்பர் 9, வெள்ளி

பிடித்துவிட்டது.

சீசாக்கள் தெளிந்தன. மைதானம்: அரை வேளை. மந்தைவெளி: முக்கால். கால்வாய், தலைவர் வயல் ஓரம்: ஒன்றரை வேளை, செம்மண் கூழ். காலனி மேடு: கால் வேளை கூட இல்லை. அடியில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

வகுப்பு கை தட்டியது. ஊர்ப் பிள்ளைகளும் தட்டினார்கள். எஸ்தர் தட்டவில்லை, சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் மேட்டுக்குப் போனேன். அவள் அம்மா பாக்கியம் சரிந்த கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இடையில் இருமல். கல் அடுக்க யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

"இன்னா சார் இது, இதுக்கு வாத்தியாரு வேணுமா? ஒரு மழைக்கு வெதச்சது பூரா கீழ ஓடிச்சி. அடுத்த வருசம் கல்லு வெச்சோம். நிக்குது." பிறகு சிரித்தாள். "மருந்து சீசாவுல மண்ணு புடிக்கிற வாத்தியாரு நீங்கதானா? ஆம்பளைங்கல்லாம் சிரிச்சிக்கினு கீறாங்க, மண்ணுக்கு இன்னா காய்ச்சலான்னு."

நானும் சிரித்தேன். பட்டா உண்டா என்றேன். சிரிப்பு நின்றது. "எழுதிக் குடுத்துக்கினே கீறோம். வருசம் தப்பாம."

லேபிள் எழுதி ஒட்டியாயிற்று. என் கையெழுத்து. இடம், தேதி.

நவம்பர் 12, திங்கள்

த.ஆ. அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் டீ. எனக்கும் ஒன்று. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

"சார், மூணாம் நெம்பரு சீசா."

"ஆமா."

"தலைவரு பேரு போட்டுக் கீதே."

"அவரு பேரு இல்ல சார். அவரு வயல் ஓரம்னுதான் போட்டிருக்கேன்."

"எனக்கு ரிடையராவ ஒன்ற வருசம் கீது. உங்களுக்கு ப்ரொபேஷன் முடிய ஒரு மாசம் கீது. ரிப்போர்ட்டு நான்தான் எழுதணும்." டீயை என் பக்கம் நகர்த்தினார். "சீசாவ எடுக்க சொல்லல. லேபிள மட்டும் எடுத்துடுங்க. புரியறவங்களுக்குப் புரியும்."

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. வகுப்புக்குப் போய், ஈரத் துணியால் துடைத்து, நகத்தால் உரித்தேன். சோற்றுப் பசை, சுலபமாக வந்தது. மூன்றாம் சீசா பெயரில்லாமல் நின்றது. பிள்ளைகள் வாயால் விளக்கிவிடுவார்கள், லேபிள் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எஸ்தர் கதவருகே நின்றிருந்தாள்.

மெஸ்ஸில் சாம்பார் புளிப்பு. சாப்பிடவில்லை.

நவம்பர் 14, புதன்

கண்காட்சி. வெயில். தோரணம், ரோஜாப்பூ, ஒலிபெருக்கி. ஊரார் நாற்காலியில், காலனியார் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு. அதிகாரி பதினொன்றுக்கு வருவதாகச் சொல்லி ஒன்றரைக்கு வந்தார். பிள்ளைகள் வெயிலில்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதிகாரி சீசாக்களைக் குனிந்து பார்த்தார். மூன்றாவதைத் தூக்கினார். "அடேயப்பா, எவ்ளோ மண்ணு. இது எங்க எடுத்தது? லேபிளக் காணமே."

நான் வாய் திறப்பதற்குள் தலைவர்: "அதுவா சார், அதுவும் அந்தக் காலனி மேட்டாண்டதான். புறம்போக்குல கண்டபடி ஏரு ஓட்றானுங்க. மண்ணு பூரா ஏரிக்கு வந்துடுது. இன்னா சொன்னாலும் கேக்கறதில்ல."

எஸ்தர்: "இல்ல சார், அது மூணாம் நெம்பரு, கால்வா—"

த.ஆ.: "ஏய்! பெரியவங்க பேசிக்கினு இருக்க சொல்ல இன்னா நடுவுல?"

அவள் என்னைப் பார்த்தாள். அதிகாரியும் என்னைப் பார்த்தார். "அப்டிங்களா சார்? மேட்டுல எடுத்ததா?"

தலையாட்டினேன்.

ஒரு தடவைதான். லேசாகத்தான். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் தலைவர் மைக்கில்: "ஏரிதான் நம்ம எல்லாருக்கும் தாய்." ஊர்ப் பக்கம் கைதட்டல். வேப்ப மரத்தடியில் பாக்கியம் இருமிக்கொண்டிருந்தாள். பேச்சு அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை.

எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய்.

நவம்பர் 15, வியாழன்

எஸ்தர் வரவில்லை. சீசாக்களைக் கேட்டேன். நாலையும் பஞ்சாயத்து ஆபீசுக்கு எடுத்துப் போய்விட்டார்களாம், "மக்கள் பார்வைக்கு". இன்று பாக்கியம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்.

உத்திரமேரூர் டீக்கடையில் வழக்கம் போல நாட்டு நடப்பு பேசினேன். நிலச் சீர்திருத்தம், குத்தகை, எல்லாம். நன்றாகப் பேசினேன். கேட்டவர்கள் மெச்சினார்கள். நடுவில் எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 19, திங்கள்

தூறல்.

காலனி மேட்டில் சுண்ணாம்புக் கோடு. கொள்ளுக்கு மேலேயே போட்டிருக்கிறார்கள். குழி எடுக்க ஆள் இறங்கியாயிற்று. ஏரியைக் காப்பாற்றச் சவுக்குத் தோப்பு. ஏழு குடும்பமும் இனி உள்ளே கால் வைக்கக் கூடாது. அரசாங்க வேலை இத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

கல் வரிசையைப் பிரித்துவிட்டார்கள். அந்தக் கல்லையே எடுத்துப் பெயர்ப் பலகைக்குப் பீடம் கட்டுகிறார்கள். பலகையில் "மண் வளம் காப்போம்".

அதிகாரி அங்கேயே குடை பிடித்து நின்றார். போய்ச் சொன்னேன். மூன்றாம் சீசா கால்வாயில் எடுத்தது, மேட்டில் எடுத்ததில் மண்ணே இல்லை, என் நோட்டில் அளவு இருக்கிறது.

"ஃபைல் போயிடுச்சு சார். அன்னிக்குக் கேட்டேனே, நீங்கதான தலயாட்னீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விவரம் கேட்கிற மாதிரி கேட்டார்.

திரும்பினால் பாக்கியம். பின்னால் இன்னும் சில பெண்கள். கையில் பிடுங்கின கொள்ளுச் செடி.

"வாத்தியாரே, எம் பொண்ணுக்கு சொல்லிக் குடுத்தீங்களே, அந்தப் பாடத்த எங்களுக்கும் சொல்லுங்க. எந்த எடத்துல எங்க மண்ணு ஏரிக்குப் போச்சி? காட்டுங்க. போயி அள்ளிக்கினு வந்துட்றோம்."

பாக்கியம் கொள்ளுச் செடியால் பீடத்தைக் காட்டினாள்.

"கல்லு வெக்க சொல்ல ஒருத்தன் வரல. கல்லு பிரிக்க எத்தினி பேரு பாரு." இன்னொருத்தி சொன்னாள்: "வுடு பாக்கியம், அவரு இன்னா பண்ணுவாரு, மாசச் சம்பளக்காரரு." அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். திட்டியிருக்கலாம்.

த.ஆ. மாலையில்: "பலகைக்கு எழுத்து நீங்களே எழுதிடுங்க சார். உங்க கையெழுத்து நல்லா கீது." முடியாது என்றேன். முதல் முறையாக. யாருக்கு என்ன லாபம்? பெயிண்டர் நாளைக்கு வருகிறார்.

நவம்பர் 20, செவ்வாய்

வெயில். மழை விட்டுவிட்டது போல.

இடைவேளையில் எஸ்தர் பள்ளி வாசலில். யூனிபார்ம் இல்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அம்மாவோடு களை எடுக்கப் போகிறாளாம், தலைவர் வயலுக்கு. மேடு போன பிறகு வேறு என்ன. பள்ளிக்கு எப்போது வருவாய் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

"சீசா சார். அம்மாக்கு இருமல் ஜாஸ்தியா கீது. போன வாரமே மருந்து வாங்கல."

அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, சைக்கிளில் பஞ்சாயத்து ஆபீஸ் போனேன். வராந்தா மேசை மேல் நாலு சீசா, ஓரத்தில் யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பு தடவியிருந்தார்கள். கிளார்க்: "யாரக் கேட்டுக்கினு எடுக்கறீங்க சார்?" நாலாவதை எடுத்தேன். சாக்கடையோரம் கவிழ்த்தேன். குழாயடியில் இரண்டு தடவை அலசி, மணல் போட்டுக் குலுக்கி, இன்னொரு தடவை அலசினேன். என் லேபிளைச் சுரண்டி எடுத்தேன். கம்பவுண்டர் காகிதம் கிழியாமல் பார்த்துக்கொண்டேன். இந்த வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்த திருப்தி.

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி பளபளவென்று இருந்தது.

"மண்ணு எங்க சார்?"

"கொட்டிட்டேன்."

"எங்க?"

"ஆபீஸ் சாக்கடையில."

சீசாவைத் தாவணியில் சுற்றிக்கொண்டாள். கிளம்பினாள். நாலடி போய்த் திரும்பினாள்.

"அது எங்க மண்ணு சார். ஒரு வார்த்த கேட்டுட்டுக் கொட்டி இருக்கலாம்."