முதலில் பிடித்தவர் பெயர்

சமாதானபுரம்,
பாளையங்கோட்டை,
ஜூலை 13.

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பிரிசியும் மாமாவும் சுகமாயிருக்கிறோம். நீங்களும் மஸ்கட்டில் அப்படியே இருக்க வேண்டுமென்று இரவு ஜெபத்தில் மாமா உங்கள் பெயரைச் சொல்லாமல் முடிப்பதில்லை. உங்கள் கம்பெனி சுஜின் தம்பி லீவு முடிந்து அங்கே திரும்புவதால் இதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். போனில் என்றால் பிரிசியும் மாமாவும் பேசி முடித்து என் முறை வரும்போது உங்களுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய கேம் கருவி பத்திரமாக வந்து சேர்ந்தது. உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குக் கோபம்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எதற்கு என்று நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில்கூடப் புலம்பினேன். இப்போது பாத்திரம் கழுவிவிட்டு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். புல்லுக்குள் நடந்தால் ஏதாவது ஒரு பிராணி குறுக்கே வருகிறது. அதோடு நம் பிராணியைச் சண்டைக்கு விட்டு, அது களைத்ததும் கண்ணாடிக் குடுவைக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்ததற்கெல்லாம் பிரிசி பெயர் வைக்கிறாள். கறுப்பாகக் குட்டையாக இருக்கும் ஒன்றுக்குக் கருப்பட்டி. எப்போதும் முறைத்துக்கொண்டே பைய நடக்கும் ஆமைக்கு நேசையா என்று மாமாவின் பெயரையே வைத்துவிட்டாள். மாமா கோபப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, அந்த ஆமை இன்றைக்கு ஜெயித்ததா என்று அவள் தூங்கிய பிறகு என்னிடம் விசாரிக்கிறார்கள்.

பள்ளியிலிருந்து மணிமுத்தாறு அருவிக்குக் கூட்டிப்போனார்கள். எல்லாப் பிள்ளைகளும் குளித்தபோது இவள் மட்டும் தண்ணீருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாளாம். கேமில் அருவிக்குப் பின்னால்தான் அபூர்வமான பிராணிகள் ஒளிந்திருக்குமாம். டீச்சர் திட்டியதாக அவளே வந்து சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்களோடு சேர்ந்து விளையாடும் நேரம்தான் அவளுக்கு வாரமே. நீங்கள் அங்கேயிருந்து ஒன்று கொடுக்க, இவள் இங்கேயிருந்து ஒன்று கொடுக்க, சில பிராணிகள் அப்படிக் கைமாறினால்தான் அடுத்த உருவத்துக்கு வளருமாமே. அன்றைக்கு முகம் கழுவி, தலை சீவி, நல்ல கவுன் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறாள். கேமில் அப்பா உன்னைப் பார்க்க முடியாதே என்றேன். "இருக்கட்டும்மா" என்கிறாள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்காவது வரப் பாருங்கள். பிளாண்டில் ஆள் இல்லை என்று போன வருஷமும் சொன்னீர்கள், அதற்கு முந்தின வருஷமும் சொன்னீர்கள். நீங்கள் கடைசியாக வந்தபோது பிரிசிக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது என் தோள் உயரம்.

உடன்குடிக் கருப்பட்டியும் முறுக்கும் சுஜினிடம் கொடுத்திருக்கிறேன். அறையில் எல்லோருக்கும் கொடுத்துவிடாமல் உங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவுக்காக ஜெபத்தோடு காத்திருக்கும்
ரீபா.


பாளையங்கோட்டை,
செப்டம்பர் 21.

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைத் தெரிந்துகொள்ள வழியில்லாததால் கம்பெனி முகவரிக்கு இதைத் தபாலில் அனுப்புகிறேன். நான் அனுப்பும் செய்திகளுக்கு நீலக் குறி மட்டும் விழுகிறது. மாமாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பிரிசி காலாண்டுப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சென்ற மாதம் நீங்கள் அவளுக்கு ஒரு பிராணி கொடுத்தீர்கள். நீல நிறம், நெற்றியில் ஒற்றைக் கொம்பு. அதைத் தொட்டால் அது எந்த ஊரில் பிடிபட்டது, யார் பிடித்தது என்று எழுதி வருகிறது. எத்தனை பேரிடம் கைமாறினாலும் முதலில் பிடித்தவர் பெயர் மட்டும் அழியாது என்று பிரிசி சொன்னாள். உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஈதன் என்று இருந்தது. யாரும்மா ஈதன் என்று கேட்டாள். அப்பாவோடு வேலை பார்க்கிறவர்களில் யாருடைய பிள்ளையாவது இருக்கும் என்றேன். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏத்தான்னு வேதத்துல ஒருத்தரு உண்டு, சங்கீதம் எழுதுனவரு. அந்தப் பேரத்தான் இப்ப ஈதன்னு வைக்காவ" என்றார்கள்.

அன்று சாயங்காலமே பிரிசி உங்களிடமும் அதைக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினாள். அதற்குப் பிறகு வந்த எந்த வெள்ளிக்கிழமையும் நீங்கள் விளையாட வரவில்லை. வேலை இருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்தக் கருவி எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது அத்தான். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் நீங்கள் கேமுக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தமாம். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தாள், எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள், எரிந்தது. "அப்பா விளையாடுதாவம்மா. ஆனா என்கூட இல்ல" என்றாள். அழவில்லை. கவுனை மாற்றிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

நான் சுஜினுக்குப் போன் செய்தேன். அவர் மேல் கோபப்பட வேண்டாம், அவராக எதுவும் சொல்லவில்லை. ஈதன் என்று ஒரு பிள்ளையைத் தெரியுமா என்று கேட்டேன். "மயினி, அத நீங்க ஹெப்ரான் அண்ணன்ட்டயே கேட்டுக்கிடுங்க" என்றார். வைப்பதற்கு முன்னால் தனக்காக ஜெபித்துக்கொள்ளச் சொன்னார். அவருக்காக நான் எதற்கு ஜெபிக்க வேண்டும் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கடைசியாக வந்திருந்த லீவில் சாப்பிட்டதும் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவீர்கள். மாடியில் அவனுக்கு என்ன சோலி என்று மாமா கேட்டபோது, பிளாண்டிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் என்னிடம் சொன்னதைத்தான் சொன்னேன்.

அந்தப் பிள்ளைக்கு என்ன வயது என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்களாகச் சொல்லுங்கள். இல்லை, நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். நம்பிவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள் பிள்ளையோடு விளையாட மட்டும் வந்துவிடுங்கள்.

உங்கள்
ரீபா.


பாளையங்கோட்டை,
நவம்பர் 16.

அத்தானுக்கு,

உங்கள் வக்கீல் அனுப்பிய தாள்கள் போன மாதம் வந்தன. இருவரும் மனமொத்துப் பிரிவதாக அதில் போட்டிருக்கிறது. என்னிடம் கேட்காமலே என் மனதை எப்படி எழுதினார்கள் என்று தெரியவில்லை. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது மாமாதான். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்கள். பிறகு சுஜினுக்கு அவர்களே போன் செய்து, தகப்பன் கேட்கிறேன் சொல் என்றார்கள். சுஜின் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணும் உங்கள் பையனும் எங்கே இருக்கிறார்கள், அவனுக்கு ஆறு வயது ஆகிறது, எல்லாம்.

ஹாலில் இருந்த உங்கள் போட்டோவை மாமா கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். எனக்கு மகன் இல்லை என்று சபைப் போதகர் ஐயரிடம் சொல்லியும் ஆகிவிட்டது. இரவு ஜெபத்தில் இப்போது உங்கள் பெயர் வருவதில்லை. நான் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

தாள்களில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. இதை எழுதுவது அதற்காக அல்ல. உங்கள் வீட்டில் நடக்கும் ஒன்று உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மறைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, உங்கள் பெயரில் ஆள் வந்தது. பிரிசி சமையலறைக்கு ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறிவிட்டது. "இது அப்பா இல்லம்மா" என்றாள். நீங்கள் சண்டையில் எதை முதலில் இறக்குவீர்கள் என்று அவளுக்குப் பாடம். வந்த ஆளோ இருப்பதிலேயே நோஞ்சானான ஒன்றைத் திரும்பத் திரும்ப இறக்கித் தோற்றுக்கொண்டிருந்தது. கொண்டுவந்த பிராணிகள் எல்லாவற்றிலும் முதலில் பிடித்தவர் ஈதன் என்றுதான் இருந்தது. எழுத்து இன்னும் கூட்ட வராது போலிருக்கிறது, ஒரு வார்த்தை அனுப்பவில்லை. சிரிக்கிற முகமாக அனுப்பிக்கொண்டே இருந்தது.

பிரிசி விளையாட்டை நிறுத்தாமலே என்னிடம் கேட்டாள், அவன் எனக்குத் தம்பியா என்று. தாள்கள் வந்த நாளிலிருந்து அவளிடம் நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவனுக்குத் தெரியுமா என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அடுத்த சண்டையில் தன் பிராணிகளையெல்லாம் வேண்டுமென்றே சும்மா நிறுத்திவைத்து அவனை ஜெயிக்கவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து திரை முழுக்கச் சிரித்த முகங்கள் வந்து விழுந்தன.

அடுத்த வெள்ளியும் வந்தான். அதற்கடுத்த வெள்ளியும். பிரிசி மறுபடி நல்ல கவுன் போட ஆரம்பித்திருக்கிறாள். நிறுத்தச் சொல்ல வேண்டுமென்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். அந்த நேரம் வந்ததும் வாய் வருவதில்லை. மாமா முதல் வாரம் எழுந்து வெளியே போய்விட்டார்கள். இரண்டாம் வாரம் வாசலில் நின்றார்கள். போன வாரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏட்டி, அந்தப் பய வந்துட்டானா" என்று கேட்டார்கள். அவனுடைய ஆள் கேமில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு குட்டியாக நிற்கிறது. இதுதானா அவன் என்று மாமா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தோத்துக் குடுட்டி, சின்னப் பயலா இருக்காம்லா" என்றார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

அவனைத் திட்டிவிடாதீர்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெண்ணிடமும் சொல்லுங்கள், இங்கேயிருந்து அவனுக்கு ஒரு கெட்ட வார்த்தையும் போகாது.

ரீபா.


பாளையங்கோட்டை,
ஜனவரி 5.

பிரிசியின் அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸும் புதுவருஷமும் கடந்துபோயின. கீத பவனி வந்தபோது வாசல் விளக்கைப் போட்டோம், அவ்வளவுதான். மாமா எழுந்து வரவில்லை. உடம்பு சரியில்லை என்று பாட வந்தவர்களிடம் சொன்னேன். அது முழுப் பொய்யும் இல்லை. சாப்பாடு குறைந்துவிட்டது.

போன கடிதத்தை உங்களுக்கு எழுதியது என் புத்திகெட்டதனம். நான் எழுதியிருக்காவிட்டால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை பிரிசி உட்கார்ந்தாள், யாரும் வரவில்லை. நெட் போய்விட்டது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போட்டாள். மாமா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர்கள் அல்லவா, அந்த முழங்காலோடு ஸ்டூலில் ஏறி வயரையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, "லைன் சரியாத்தான இருக்கு" என்று இறங்கினார்கள். பிறகுதான் பிரிசி அந்தப் பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். பச்சைப் புள்ளி இல்லாதது மட்டுமல்ல, உங்கள் பெயரே இல்லை. நீங்கள் அவளை நீக்கிவிட்டால்தான் அப்படிப் போகுமாம்.

நீங்கள் நீக்கிவிட்டீர்கள் என்பதை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கு முந்தின வாரம் நடந்த சண்டையில் அவள் கை தவறி ஜெயித்துவிட்டாள். அவனுடைய நோஞ்சான் பிராணி ஒரே அடியில் விழுந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்த முகம் வரவில்லை. அவன் சட்டென்று போய்விட்டான். "நான் அவனத் தோக்கடிச்சிட்டேன்லாம்மா, அதான் கோவிச்சுக்கிட்டு அழிச்சிட்டான்" என்கிறாள். இல்லை, அப்பாதான் செய்தார்கள் என்று அவளிடம் சொல்ல எனக்கு எந்த வழியும் தெரியவில்லை. எதைச் சொன்னால் அவளுக்குக் குறைவாக வலிக்கும் என்று யோசிக்கிறேன். இரண்டில் எதுவும் குறைவாக இல்லை.

சில வாரம் வெறுமனே திறந்து பார்த்தாள். இப்போது அதுவும் இல்லை. புது வருஷ ஆராதனைக்குப் போய் வந்தபிறகு கருவியை என்னிடம் கொடுத்து, ஆபீசில் யாருக்காவது சின்னப் பிள்ளை இருந்தால் கொடுத்துவிடச் சொன்னாள். வாங்கி என் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்த நல்ல கவுன் அவளுக்குக் கையில் பிடிக்கிறது, இனி போட முடியாது.

தாள்களில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் போட்டிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். போடும்போது மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தடுக்கவில்லை. போட்டு முடித்ததும், நீ இங்கேயே இரு என்று மட்டும் சொன்னார்கள். இருக்கிறேன். எனக்கும் வேறு எங்கே போக.

இனி நான் எழுதமாட்டேன். நீங்கள் வர வேண்டாம். போன் செய்ய வேண்டாம். விளையாட வேண்டாம். பிரிசியின் பெயரை மறுபடி சேர்த்துக்கொள்ள முடியுமானால், ஒரே ஒரு தடவை, அந்தக் குழந்தை கையில் கருவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அவன் கோபித்துக்கொண்டு போகவில்லை என்று இவள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நீக்கிவிடுங்கள். நீங்கள் இதைச் செய்யமாட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஈதனுக்குக் கர்த்தர் நல்ல சுகமும் நீண்ட ஆயுசும் தருவாராக. அவனுக்கு எழுத்துக் கூட்ட வரும்போது, அக்கா என்ற வார்த்தையையும் யாராவது சொல்லிக்கொடுக்கட்டும்.

வெள்ளிக்கிழமைகளில் பிரிசி வீட்டில்தான் இருக்கிறாள்.

ரீபா.