மஞ்சுக்குள்ளே பேச்சு

செப்டம்பர் 5

பாதியில் விட்டேன் என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்வது? இன்ஜினீயரிங், இரண்டாம் வருஷம், வகுப்பில் உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். ஹால் கேட்கப் போனால் என் படிப்பைக் கேட்கிறார் அந்த மேனேஜர். பதில் சொன்னதும் மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அந்த ட்ரஸ்ட்டுக்கு நீங்கதான் ஹெட்டா?"

ஆமாம், நான்தான். கேத்தரின் அக்கா பெங்களூரு வேலைக்குக் கிளம்பும்போது சாவியைக் கொடுக்க ஆள் தேடினார். நான் பக்கத்தில் நின்றேன். அவ்வளவுதான் என் தகுதி.

அக்கா வீல்சேரில் இருப்பவர். எந்த எடிட்டிங் ஸ்டுடியோவுக்குப் போனாலும் வாசலில் படிக்கட்டு. அந்தக் கோபத்தில் ஆரம்பித்தது இது. கண் தெரியாதவர், காது கேட்காதவர், நடக்க முடியாதவர், யார் படம் எடுக்க வந்தாலும் கேமரா தருவோம், எடிட் பண்ண இடம் தருவோம். எடுத்த படம் எல்லோருக்கும் போய்ச் சேர வழி பண்ணுவோம். நாயுடுபுரத்தில் பேக்கரிக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. காலையில் பன் வாசம் வந்தால் ஆபீஸ் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

ஹால் கிடைத்துவிட்டது. அக்டோபர் கடைசியில் எங்கள் படங்களைப் போடுகிறோம்.

செப்டம்பர் 9

சுபஸ்ரீ படத்தை முடித்துவிட்டாள். பூண்டியில் இருந்து பஸ் ஏறி வந்து, பென் டிரைவை என் கையில் வைத்து, கையை மூடிவிட்டாள்.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் வெள்ளைப்பூண்டு வெள்ளாமை. படமும் அந்தக் காட்டில்தான். அவள் அம்மா பூண்டு பிடுங்குகிறார். தூரத்தில் யாரோ கையை ஆட்டி ஏதோ சொல்கிறார்கள். அப்போது மஞ்சு, எங்கள் மலைப் பனிமூட்டம், இறங்குகிறது. முதலில் தைல மரங்கள் போகின்றன. பிறகு வரப்பு. பிறகு அந்த ஆள். கடைசியில் கை மட்டும், வெள்ளையில் மிதக்கிற மாதிரி, ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதுவும் போகிறது. பிறகு வெறும் வெள்ளை, நெடுநேரம்.

சத்தமே கிடையாது. மைக் வேலை செய்யவில்லையா என்று கேட்டேன். சிரித்தாள். எனக்கு என்ன கேட்குமோ அதைத்தான் வைத்திருக்கிறேன் என்று சைகையில் சொன்னாள்.

அழகான படம். பொய்யில்லை. ஆனால் மூன்றாவது நிமிஷத்திலேயே என் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. எனக்கே இப்படி என்றால் ஹாலில் வருகிற ஜனம்?

செப்டம்பர் 10

கனவு. ஹாலில் எல்லோரும் எழுந்து போகிறார்கள். அவர்கள் பின்னாலேயே நாற்காலிகளும் வரிசையாக இறங்கி ஏரியைப் பார்த்து நடக்கின்றன. அவசரமே இல்லாமல்.

செப்டம்பர் 14

சவுண்டு வைத்துவிட்டோம்.

வைத்தது அருளண்ணன். அருள்பிரகாஷ், செண்பகனூர்க்காரர். பார்வை கிடையாது. எங்கள் படம் எல்லாவற்றுக்கும் ஒலி அவர்தான். பைன் காட்டில் நின்று காற்று பிடித்து வந்தார். பூண்டுத் தாள் உரசுகிற சத்தம், மண்ணை விட்டு வேர் பிரிகிற சத்தம், எங்கேயோ ஒரு குருவி. கண்ணை மூடிக் கேட்டால் முகத்தில் ஈரம் படுகிறது.

"அந்தப் பிள்ளைகிட்ட கேட்டியாலே?" என்றார்.

கேட்டுட்டேண்ணே, சரின்னுட்டா என்றேன்.

கேட்கவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லாம் அருளண்ணனுக்காகத்தானே? சத்தமில்லாத படத்தில் அவருக்கு என்ன இருக்கிறது? போட்டுக் காட்டியதும் அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது. "இப்பத்தான்லே இந்தப் படம் எனக்குத் தெரியுது."

பார்த்தாயா, நல்ல காரியம்தான்.

அவளுக்கு எப்படியும் தெரியப்போவதில்லை — இதையும் நினைத்தேன். எழுதி வைக்கிறேன். நினைத்தேன்.

செப்டம்பர் 21

ஹாலில் ஒத்திகை. எல்லாம் நன்றாகத்தான் போனது. சுபஸ்ரீ தன் படம் ஆரம்பித்ததும் எழுந்து ஸ்பீக்கர் பக்கம் நடந்தாள். எதற்குப் போகிறாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் ஆபீஸில் எப்போதும் பார்ப்பதுதான். மற்றவர்கள் படம் ஓடும்போது பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து நிற்பாள், அதிர்வு தெரியும் என்பதற்காக. தன் படத்துக்கும் வைத்துப் பார்க்கிறாள். அது சும்மா இருக்கிறது என்று தெரிந்துகொள்ள.

சும்மா இல்லை.

கையை எடுத்தாள். திரும்ப வைத்தாள். திரையில் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

ஓடினேன். கையை ஆட்டி என்னென்னவோ சொன்னேன். ஜனத்துக்காக, அருளண்ணனுக்காக, உன் படம் எல்லோருக்கும் போகணும்னு. பாதியிலேயே அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவ கண்ணை மூடிட்டா நான் என்ன பேசினாலும் எங்க போகும்? முகத்துக்கு நேரா கதவை அடைச்ச மாதிரி. நான் அங்கேயே கையை ஆட்டிக்கிட்டு நின்னேன், கிறுக்கன் மாதிரி. கண்ணைத் திறக்கவே இல்லை. அப்படியே திரும்பி, நாற்காலி நாற்காலியாத் தொட்டுக்கிட்டே வெளியே போயிட்டா.

செப்டம்பர் 22

ஒரே வரியில் மெசேஜ். என் படத்தைப் போடாதே.

செப்டம்பர் 24

அருளண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் ஒரு பொய்க்குப் போயி காத்து பிடிச்சுக் குடுத்திருக்கேன்."

சவுண்டை எடுத்துடுறேண்ணே என்றேன்.

"எடு. எடுக்கத்தான் வேணும். எடுத்துட்டு எனக்கு ஒண்ணு சொல்லு. நான் அந்த ஹால்ல எதுக்கு உக்காரணும்? வெளிய டீ குடிச்சுட்டு, படம் முடிஞ்சதும் வந்து கை தட்டவா?"

அவளுக்குச் சத்தம் வந்தால் படமே இல்லை. அவருக்குச் சத்தம் போனால் படமே இல்லை. இரண்டும் நியாயம். இரண்டுக்கும் நடுவில் நான், சாவியை வைத்துக்கொண்டு.

கேத்தரின் அக்காவுக்குப் போன் போட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அவ படத்துக்கு நீ காது வச்சுவிட்டிருக்க. யாருடா கேட்டா?"

அருளண்ணன் பாவம்க்கா என்றேன்.

"அவன்கிட்டயும் என்ன வேணும்னு நீ கேக்கலையே."

சாவியைத் திருப்பித் தந்துடுறேன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்தது. காலேஜை விட்ட மாதிரி எழுந்து போயிடலாம். எழுந்து போறதுதான் எனக்கு நல்லா வருமே.

செப்டம்பர் 29

பூண்டிக்குப் போனேன். ஜன்னலோரம். மன்னவனூர் தாண்டும்போது புல்வெளியெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல இருந்தது, பஸ் ஒரு பெரிய மெத்தனமான மீன். மேலே போனதும் போனில் டவர் இல்லை.

சுபஸ்ரீ காட்டில் அம்மாவோடு பூண்டு கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி குனிந்துகொண்டாள். அவள் அம்மா அன்னக்கொடிதான் நிமிர்ந்து, "வாங்க தம்பி. படத்துக்குக் காத்தடிச்ச ஆளு நீங்கதானா?" என்றார். சிரிப்பா கோபமா, தெரியவில்லை.

சவுண்டை எடுத்துவிட்டேன் என்று சொல்லக் கையைத் தூக்கினேன். அதற்குள் மேகம் இறங்கிவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. படத்தில் வந்த அதே வெள்ளை. என் கையே எனக்குப் பாதிதான் தெரிந்தது. கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. சைகை செய்தால் தெரியாது. படத்தில் கடைசியில் ஏன் அவ்வளவு நேரம் வெள்ளையாகவே இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. நான் கால் ஆட்டிக்கொண்டு பார்த்த இடம் அதுதான். அவள் வாழ்கிற இடம்.

கொஞ்சம் நகர்ந்து போனேன். புகை மாதிரி இரண்டு உருவம். அன்னக்கொடி மகளின் கையைப் பிடித்திருந்தார். பிடித்தது மட்டும் இல்லை. கைக்குள் கை நகர்ந்துகொண்டே இருந்தது. ஒருவர் சைகை செய்ய, இன்னொருவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தொட்டுத் தெரிந்துகொள்கிறார். விரல் மடங்குவது, விரிவது, மணிக்கட்டில் ஒரு தட்டு. நடுவில் சுபஸ்ரீ சிரித்தாள், எனக்குக் கேட்டது.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் அன்னக்கொடி. "மஞ்சு எறங்கிருச்சுன்னா இவகூடப் பேச வேற வழி ஏது? சின்னப் பிள்ளையில இருந்தே இப்படித்தான். எங்க வீட்ல எல்லாருக்கும் வரும்."

எங்கள் ஆபீஸில் இத்தனை வருஷம், இதை அவள் ஒரு தடவையும் செய்து நான் பார்த்ததில்லை. இது வீட்டுப் பேச்சு. வீட்டு ஆட்களோடு மட்டும்.

நான் கையை நீட்டினேன். அன்னக்கொடி அவள் கையில் ஏதோ சொன்னார். சுபஸ்ரீ என் கையைத் தொடவில்லை.

ஆனால் மஞ்சு விலகியபோது நேராக என்னைப் பார்த்தாள். அருளண்ணனுக்கு மஞ்சு எப்போதும் இறங்கியேதானே இருக்கிறது என்று நான் சைகையில் சொன்னேன். யோசித்தாள். கடைசி பஸ் ஹார்ன் அடிக்கும்போது பதில் சொன்னாள். அவரை அனுப்பு. நீ வராதே.

அக்டோபர் 3

அருளண்ணனைப் பூண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "என்னைக் கேட்டுட்டுத்தான் இந்தத் தடவை ஏத்துற, பரவால்ல" என்றார்.

ஆபீஸுக்கு வந்து சும்மா உட்கார்ந்தேன். சும்மா உட்கார்வது இவ்வளவு கஷ்டமான சோலி என்று யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 11

அருளண்ணன் பூண்டியிலேயே தங்கி அந்தக் கைப்பேச்சைப் படிக்கிறார். இன்று வந்தவர் என் கையை இழுத்து வைத்துக் காட்டினார். மஞ்சு என்றால் உள்ளங்கை அப்படியே மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை, கனமே இல்லாமல், மெல்ல. பூண்டு என்றால் மூடிய கைக்குள் இருந்து ஒவ்வொரு விரலாக உரிந்து வருகிறது. காத்திரு என்றால் கட்டைவிரல் அப்படியே அழுத்திக்கொண்டு நிற்கும்.

"ஏலே, எனக்கு இந்தப் படம் சத்தத்துல தெரிஞ்சதுன்னு சொன்னேன்ல. அது என் காத்து, என் குருவி. நான் என் படத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவளும் அவரும் சேர்ந்து முடிவு பண்ணிவிட்டார்கள். படம் சத்தமில்லாமல்தான் ஓடும். பார்வை இல்லாமல் வருகிற ஒவ்வொருவர் பக்கத்திலும் கையில் படம் சொல்ல ஓர் ஆள். அன்னக்கொடி சொல்லித் தருகிறார். சுபஸ்ரீ படத்தை ஓட்டி ஓட்டி அவர்கள் கையைத் திருத்துகிறாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

நானும் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டு அனுப்பினேன்.

அக்டோபர் 17

அன்னக்கொடி மகளோடு ஆபீஸுக்கே வந்துவிட்டார். அறை முழுக்க ஆட்கள், ஜோடி ஜோடியாகக் கையைப் பிடித்துக்கொண்டு. பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, மொத்தமாக் கல்யாணமா?" என்றார்.

எனக்கு அன்னக்கொடிதான் வாத்தியார். "தம்பி, கோழி கொத்துற மாதிரி குத்தாதீங்க. மஞ்சு என்ன வெரசாவா வருது?"

சுபஸ்ரீ எல்லோர் கையையும் திருத்தினாள். என் பக்கம் வரவில்லை.

அக்டோபர் 26

படம் போட்டாயிற்று.

ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒருத்தர் "சவுண்டு, சவுண்டு" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். போகட்டும். நாற்காலிகள் போகவில்லை.

அதற்குக் கொஞ்சம் முந்தி, விளக்கு அணைகிற சமயம் ஒரு பார்வையில்லாத பெண், வரப்போவதாக முன்னால் சொல்லாதவர், சகாயராணி என்று பெயர் சொன்னார், ஆடலூரில் இருந்து தம்பியோடு வந்திருந்தார். கையில் சொல்ல ஆள் மிச்சமில்லை. சுபஸ்ரீ சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் ஒவ்வொரு கையைப் பிடித்திருந்தார்கள். கதவருகே நான் ஒருவன் மட்டும்.

என்னைக் காட்டினாள்.

சகாயராணி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அனுமதி கேட்டு, கையை எடுத்துக்கொண்டேன். அவருக்கு இந்தச் சைகை எதுவும் தெரியாது. முதலில் காதில் மெதுவாக, இது பூண்டு, இது மஞ்சு, இது காத்திரு என்று சொல்லிக் காட்டிவிட்டு, அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். மரம் போனது, வரப்பு போனது, ஆள் போனார். ஒவ்வொன்றாக அவர் கையில் இருந்து எடுத்தேன். கடைசி வெள்ளையில் சொல்ல ஒன்றும் இல்லை. கட்டைவிரலை அழுத்திக்கொண்டு இருந்தேன். காத்திரு. அவரும் திருப்பி அழுத்தினார். ஹாலே எங்கேயோ மேகத்துக்குள் மிதந்து போய்க்கொண்டிருந்தது, இவ்வளவு பேரோடும், சத்தமில்லாமல்.

முடிந்து விளக்கு வந்தபோதுதான் கவனித்தேன். என் கால் ஆடவே இல்லை.

அந்தப் பக்கம் அருளண்ணன் அன்னக்கொடியின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார். படம் எப்படிண்ணே என்று கேட்டேன்.

"பேசாதலே. இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு."

நவம்பர் 8

பூண்டி. அன்னக்கொடி வீட்டு மேட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுபஸ்ரீயின் அடுத்த படம். அவள் டைரக்டர், அருளண்ணன் உதவி, நான் ட்ரைபாட் சுமக்கிறவன். வரலாமா என்று கேட்டேன், வா என்றாள். ஆபீஸ் சாவிக்கு இன்னொன்று வெட்டி அவளிடம் கொடுத்துவிட்டேன். காலையில் இருந்து ஷாட் எதுவும் எடுக்கவில்லை, வெயிலாக இருக்கிறது, எல்லோரும் மஞ்சுக்காகக் காத்திருக்கிறோம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. இதோ தைல மரங்கள் மங்குகின்றன, கீழே வரப்பு போய்விட்டது, எழுதுகிற வரிகூட ஈரமாகி — யாரோ என் மணிக்கட்டைப் பிடிக்கிறார்கள். பூண்டு வாசம். உள்ளங்கைக்குள் இரண்டு தட்டு, ஓர் இழுப்பு. வா, வெரசா.

அவள்தான். போகணும்.