நீ கெடுக்காத தரை

அக்கா,

போன திங்கட்கிழமை காலையில் கம்பெனிக் கக்கூசுக்குப் புது ஆசிட் கேன் வந்து இறங்கியது. ரங்கூன் ஓரத்து லைங் தாயாவில் இந்தத் துணிக் கம்பெனிக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. தினமும் கையாளுகிற சாமான்தான். ஆனால் அன்றைக்கு மூடியைத் திருகி அந்த நெடி மூக்கில் ஏறியதும் கேனைத் திரும்ப மூடிவிட்டேன். வாளியை வைத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். "என்ன ஆன்ட்டி, தலை சுத்துதா?" என்று சூப்பர்வைசர் பெண் பர்மா பாஷையில் கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். பொய் எனக்குப் பழக்கம்தானே.

நான் கோயில் பள்ளிக்கூடத்தில் இரண்டாவதோடு நின்றவள். நீ அதுவும் இல்லை. நீ உயிரோடு இருந்திருந்தாலும் இதை வாசித்திருக்க மாட்டாய். அதனால்தான் எழுதத் துணிந்தேனோ என்னவோ.

ஆற்றங்கரைப் பக்கம் அந்தப் பழைய கட்டிடத்தில் நாம் சேர்ந்து பதினோரு வருஷம் கூட்டிப் பெருக்கினோம். கீழ்க்கூடம் உன் பங்கு. இரும்புப் படிக்கட்டும் கக்கூசும் என் பங்கு. என்னைவிட நீ இரண்டு வயதுதான் மூத்தவள், ஆனால் கூடத்துத் தரையில் நான் செருப்போடு கால் வைத்தால் மாமியார் மாதிரி முறைப்பாய். நீலமும் மஞ்சளுமாகப் பூப்போட்ட டைல்ஸ். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தது. சோப்புகூடப் போட விடமாட்டாய். "வெறும் தண்ணி போதும்டி. இது குளிப்பாட்டுற பிள்ளை, துவைக்கிற துணி இல்ல" என்பாய்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் அந்த வெள்ளைக்கார அம்மா வந்தாள். மான்செஸ்டர் என்கிற ஊர்க்காரி, அங்கே இருக்கிற பழைய கட்டிடங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவள். கூட வந்த பர்மாக்காரப் பெண் எல்லாவற்றையும் நமக்கு மாற்றிச் சொன்னாள். ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கல்லை மெதுவாகப் பெயர்த்துத் திருப்பினாள் அந்த அம்மா. அடியில் எழுத்து இருந்தது. அவள் ஊர்ப் பெயராம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் தன் ஊர்ப் படங்களைக் காட்டினாள். செங்கல் கட்டிடங்கள், புகை படிந்த கோபுரம், வட்டமாக ஒரு பெரிய நூலகம். அரண்மனை மாதிரி ஒன்றைக் காட்டி, அது துணி மூட்டை வைத்த கிடங்கு என்றாள். ஊர் மண்டபத்துத் தரையில் தேனீ தேனீயாகப் பதித்திருந்தார்கள்.

"தேனீ மேலயா மிதிச்சிட்டுப் போறாளுக? கொட்டிடாது?" என்று நீ கேட்டாய். மாற்றிச் சொன்னதும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் நீ, "அந்த ஊர்லயும் நம்மளாட்டம் ஒருத்தி துடைச்சிக்கிட்டுத்தான் இருப்பா. அவகிட்ட சொல்லச் சொல்லு, இங்க இது நல்லா இருக்குன்னு" என்றாய். அந்த அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாள் கழித்து இன்னும் நாலு பேரோடு வந்து அந்தத் தரையை ஒழுங்காகப் படம் எடுக்கப்போவதாகச் சொல்லிப் போனாள்.

தூண் ஓரத்தில் யாரோ வெற்றிலை துப்பிய கறை ஒன்று மட்டும் போகவில்லை. நீ முதல் தடவையாக உன் வழக்கத்தை மீறி, கொஞ்சம் சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தடவிப் பார்த்தாய். கறை அசையவில்லை. மறுநாள் உன் மகளுக்குப் பேறுகாலம், ஆஸ்பத்திரிக்குப் போனாய். "கூடத்தை நீ பார்த்துக்க. கறை கிடந்தா கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய்.

நான் கேட்டேனா? அந்த அம்மா உன் கையை மட்டும் பிடித்தாளே என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது அக்கா. இன்றைக்குத்தான் இதை ஒத்துக்கொள்கிறேன். நீ பதினோரு வருஷமாகப் பார்த்த தரையை ஒரே நாளில் பளிச்சென்று ஆக்கிக் காட்ட நினைத்தேன். கக்கூசு ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. கறை போனது. மனசு குளிர்ந்து வீட்டுக்குப் போனேன்.

காலையில் தரை காய்ந்திருந்தது. பாய் அகலத்துக்குப் பூ எல்லாம் வெளுத்து, உப்புப் பூத்த மாதிரி கிடந்தது. எனக்கு முன்னாலேயே நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அதன் பக்கத்தில் குந்தியிருந்தாய்.

"நான் போட்ட சோடாதாண்டி" என்றாய். "மெதுவா தின்னுருக்கு பாரு."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சும்மாவாவது இருந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாக்கா, சோடாவாத்தான் இருக்கும்" என்றேன்.

நாம் சயா என்று கூப்பிடுகிற மேனேஜர், யார் செய்தது என்று கேட்டதும் நீயே முன்னால் போய் நின்றாய். திட்ட வேண்டாம், எங்கள் ஊரிலும் இப்படி நடந்திருக்கிறது என்று படம் எடுக்க வந்த அந்த அம்மா சொல்லிப் பார்த்தாள். அவள் முன்னால் சயா சிரித்தார். அவள் கார் கிளம்பியதும் உன்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நீ மாப்பைப் பிழிந்து, கொடியில் உதறிக் காயப்போட்டுவிட்டுப் போனாய். கூடம் என் கைக்கு வந்தது. கட்டிடத்தைப் பூட்டுகிற வரைக்கும் அந்த வெள்ளைத் திட்டை நான்தான் தினமும் துடைத்தேன், வெறும் தண்ணியில்.

நீ டீக்கடையில் கோப்பை கழுவப் போனாய். பார்க்கிற போதெல்லாம் அதே பேச்சு. "அந்தம்மா ஊர்ல போய் என்னன்னு சொல்லியிருப்பா? கடைசியில கெடுத்துட்டேனே" என்பாய். படுக்கையில் விழுந்த பிறகும் அதைத்தான் சொன்னாய். உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வரும். விழுங்கிவிடுவேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று இன்சீனில் உன் மகள் வீட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படியிலிருந்து, "சித்தி, அம்மா மாதிரி சோடா கீடா போட்டுக் கெடுத்துடாதீங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைகள்கூட. உன்னை நினைத்தால் அந்த வீட்டில் முதலில் வருவது இந்தக் கதைதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்போதும் நான் சிரித்தேன்.

திங்கட்கிழமை அந்தப் படியில் உட்கார்ந்தபோது முடிவு பண்ணினேன். நேற்று ஞாயிறு, பஸ் பிடித்து இன்சீன் போனேன். உன் மகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தமிழில் சொன்னேன். அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. "என்ன ஆசிட்? எந்த வீட்ல?" என்றாள். திரும்பப் பர்மா பாஷையில் முதலிலிருந்து சொன்னேன். ஒரு தடவை சொல்லவே ஏழு வருஷம் ஆனவளுக்கு இரண்டு தடவை சொல்லும்படி ஆயிற்று.

அவள் கையிலிருந்த துணியைத் திரும்ப வாளியில் போட்டாள்.

"அம்மா கடைசி வரைக்கும் அதச் சொல்லித்தான் அழுதாங்க. நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க, சித்தி?"

"ஆமாம்மா."

"இனிமே இங்க வராதீங்க."

சரி என்றேன். நீ போன பிறகு எனக்கென்று ரங்கூனில் போய் உட்கார இருந்தது அந்த ஒரு வீடுதான். செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனைக்கு வந்தபோது, பின்னால் உன் பேத்தி பர்மா பாஷையில் அவளிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. அவள் பதில் சத்தமாகவே வந்தது.

"பாட்டி எந்தத் தரையையும் கெடுக்கல. அந்தா போறாங்க பாரு, அவங்கதான்."

விரலை நீட்டிக் காட்டியிருப்பாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. இருக்கட்டும் அக்கா. இத்தனை வருஷம் அதை நீதானே சுமந்தாய்.